இருபது மாத்திரை

கோழிக்கொட்டகையின் தகரம் காற்றில் அடித்துக்கொண்டது.
வெர்லின் ஏணி வழியாக ஏறினார்,
ஏணி இல்லாமல் இறங்கினார்.
மூன்று விலா எலும்புகள்.

மருந்துக்கடையில் டெலோரஸ்
ஆரஞ்சுக் குப்பியை என் பக்கம் தள்ளியபோது
கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.
கோல் நதியின் இந்தக் கரையில்
அந்த நிறம் தெரியாத வீடு இல்லை.
என் தம்பி ராய்ஸ், சுரங்கத்தில் முதுகு போனவன்,
முதலில் வலிக்கு விழுங்கினான்,
பிறகு வலிக்காத நாட்களுக்கும்.

டெலோரஸ் அவனோடு படித்தவள்.
அதனால் மெதுவாகத்தான் சொன்னாள்:
ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, அதுவும் வலித்தால்.
முன்னதாக வேண்டாம், கூடுதலாக வேண்டாம்.
பீர் கிடையாது, தூக்க மாத்திரை கிடையாது,
வண்டிச் சாவி உன்னிடம் இருக்கட்டும்.
இது மூக்கில் அடிக்கிற மருந்து.
உலுக்கியும் எழாவிட்டால், மூச்சு தேய்ந்தால்,
உதடு நீலம் பாய்ந்தால், அடி.
அடித்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிடு,
வரும்வரை பக்கத்திலேயே இரு.
மலம் இளகவும் ஒன்று தருகிறேன் என்றாள்.
வெர்லின் திரும்பிக்கொண்டு
இருமல் மிட்டாய் விலையைப் படிக்க ஆரம்பித்தார்.

தூண்டில் பெட்டியைக் காலி செய்து,
குப்பியை உள்ளே வைத்துப் பூட்டி,
சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.
கூடவே ஒரு களவும் செய்தேன்.
ஒவ்வொன்றையும் பாதியாக உடைத்தேன்.
ஆறு மணி நேரத்தைப் பத்தாக நீட்டினேன்.
அவர் கேட்கவில்லை.
தலையணையை நெஞ்சோடு அணைத்து
இருமப் பார்ப்பார்,
முகம் வெளுத்து, வந்த இருமலை விழுங்கிவிடுவார்.
பரவாயில்லை, உயிரோடு இருக்கிறார் என்று
விடிய விடிய மூச்சை எண்ணினேன்,
கந்துவட்டிக்காரி காசு எண்ணுவதுபோல.

மறுநாள் மாலை நர்ஸ் யோலாண்டா வந்தாள்.
முதுகில் குழாயை வைத்தாள், நகர்த்தினாள், மறுபடி வைத்தாள்.
"இடது பக்கம் கீழே காற்றே போகவில்லை.
பெட்டியைத் திற."
பதினெட்டு இருந்தது.
மிச்சம் இருந்தால் நல்லதுதானே என்றேன்.
"இருமாத நெஞ்சில் சளி கட்டும்.
அப்புறம் நிமோனியா.
உன் தம்பியைத் தூக்கி
இவர் நெஞ்சில் வைக்காதே, அம்மா."

கோபம் வந்தது. யோலாண்டா போன பிறகும் வந்தது.
பிறகு தீவனக்கடைக் காலண்டரை எடுத்து
மணி போட்டு எழுதினேன்:
ஆறே கால், ஒன்று. முழுசாக.

ஏழு மணிக்கு அவர் இருமினார்,
பழைய டிராக்டர் கிளம்புகிற சத்தம்,
அசிங்கமான, நீளமான இருமல்.
சமையலறையில் நின்று
ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்,
துணி காய்ந்த பிறகும்.

வியாழன் டஸ்டி வந்தான், அத்தை மகன்.
பல்வலி, ரெண்டே ரெண்டு கொடு என்றான்.
கன்னம் நிஜமாகவே வீங்கியிருந்தது.
உனக்கு எழுதாததை உனக்குத் தரமாட்டேன் என்று
பல் டாக்டர் நம்பரும் ஒரு தட்டு பீன்ஸும் கொடுத்தேன்.
சாப்பிடும்போது அவன் கண்
தூண்டில் பெட்டியைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.
அன்றே பெட்டியை இடம் மாற்றினேன்.
எங்கே என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

காலண்டரில் ஆறு எட்டானது,
எட்டு ஓர் இரவானது.
ஒன்பதாம் நாள் வெர்லின்
"போதும், இனி சும்மா வலிக்கட்டும்" என்றார்.
ஏழு மீந்தது.

ஷெரிஃப் ஆபீஸ் வாசலில் பச்சைப் பெட்டி,
தபால்பெட்டிபோல வாய்.
கிளம்பும்முன் தையல் டப்பாவைத் திறந்தேன்.
நூற்கண்டுகளுக்கு அடியில்
ராய்ஸின் குப்பி. பதினோரு வருஷம்.
அவன் லாரியில் கிடந்தது.
உள்ளே நான்கு.
பூட்டு, சாவி, காலண்டர் என்று ஊரைக் காத்தவள்
இதை மட்டும் பூட்டாமல் வைத்திருந்தேன்.

பதினொன்றும் விழுந்தன.
ராய்ஸ் பெயர் ஒட்டிய தாளை
நகத்தால் சுரண்டப் போனேன், வரவில்லை.
குப்பியையும் போட்டுவிட்டேன்.

அன்றிரவு வெர்லின் குறட்டை விட்டார்,
பழைய குறட்டை, ஜன்னல் அதிர.
எண்ண ஆரம்பித்தேன்.
பன்னிரண்டு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.